மூன்று சுழி

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே என் இடது காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீ, உன் மனைவி, படகு மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் நாளாகும் என்கிறார் டாக்டர். எலும்பு கூடும் வேகம் வயதைப் பொறுத்தது என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். என் வயது எனக்குத் தெரியும், எலும்பைப் பற்றி மட்டும் சொல்லுங்கள் என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அவள் வீடு வசதியாகத்தான் இருக்கிறது. மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். லிஃப்டில் ‘ஆறு பேர் மட்டும்’ என்று பித்தளைத் தகட்டில் வெட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேர் ஏறுகிறார்கள். நேற்று சக்கர நாற்காலியில் இருந்தபடியே கடைசியாக ஏறியவரிடம் தகட்டைக் காட்டினேன். “அதெல்லாம் சும்மா எழுதி வெச்சிருக்கறதும்மா” என்றார். “சும்மா எழுதறவங்க பித்தளையில வெட்ட மாட்டாங்க” என்றேன். இறங்கிக்கொண்டார். அதிலிருந்து மகளுக்கு என்னோடு லிஃப்டில் வரப் பிடிப்பதில்லை.

படகைக் கரையேற்றும் மாதம் இது. நான் பக்கத்தில் இல்லாத முதல் வருடம் என்பதால் எழுதுகிறேன். முன்பக்கம் இரண்டு புறமும் பதிவு எண், ஒரு சாண் உயரத்தில், நீலத்தின் மேல் வெள்ளை. பின்பக்கம் பெயர். உள்ளே எஞ்சின் பெட்டிக்கு மேல், ஏறும்போதே கண்ணில் படும்படி, ‘பயணிகள் 24’ என்ற பலகை. பக்கவாட்டில், தண்ணீர் இதற்கு மேல் ஏறக்கூடாது என்று காட்டும் பாரக்கோடு. ஆசாரி உளியால் வெட்டிய பள்ளத்தின் மேலேயே வெள்ளை வர வேண்டும். ஒரு விரல்கூட மேலே கீழே போகக் கூடாது. இவை எல்லாவற்றையும் சாக்பீஸையே கூப்பிட்டு எழுதச் சொல். காதில் சாக்பீஸ் செருகிய அந்த மனிதரைப்போல் எழுத இன்னும் ஒருவர் பிறக்கவில்லை.

பின்பக்கத்தில் இருப்பது என் பெயர் என்பதை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 19

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

நான் நலம். வீட்டிலும் நலம். உங்கள் கால் தேறி வருகிறதா? சீக்கிரம் நடக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, இரு முறை பெயின்ட் அடித்தாயிற்று. எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் புது என்னை ஊற்றினேன். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. எழுத்து வேலையும் முடிந்தது. படகு இப்போது புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. பயனிகள் எல்லாரும் உங்களைத்தான் விசாரிக்கிறார்கள். “அம்மா இல்லாம துறையில சத்தமே இல்லை” என்கிறார்கள். சந்தோஷமாகச் சொல்கிறார்களா வருத்தமாகச் சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தி. எதிர்க்கரையில் பெரிய தையல் ஆலை திறந்திருக்கிறார்கள். காலையும் மாலையும் தொழிலாளிகளைக் கொண்டுபோய் விட ஒரு படகு வேண்டுமாம். துறை காண்ட்ராக்டர் முதலில் நம்மிடம்தான் வந்தார். இது கைக்கு வந்தால் மழைக்காலத்தில் நாம் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மே மாதக் கடைசியில் உரிமம் முடிகிறது. புதுப்பிக்கும் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். மற்றதை நான் இங்கே நிரப்பிக்கொள்கிறேன். மறு தபாலில் அனுப்பவும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி

*

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். கட்டுக்குள் அரிக்கிறது, பின்னல் ஊசியை விட்டுச் சொறிகிறேன். டாக்டரிடம் சொல்லவில்லை. நீயும் மகளிடம் சொல்லாதே.

முதலில் எழுத்து. எஞ்சினில் உன்னை எதற்கடா ஊற்றினாய்? அது எண்ணெய். மூன்று சுழி. பயணிகளுக்கும் மூன்று சுழி. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ அரை டிரௌசரோடு ஓடிக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன் எழுத்தில் ஒரு சுழி எப்போதும் குறைகிறது. ‘அண்ணி’ என்று எழுதும்போது மட்டும் உன் பேனா விழித்துக்கொள்கிறது. அது மரியாதையா பயமா என்று நான் கேட்டதில்லை.

அடுத்து அந்தத் தாள். ‘பயணிகள் எண்ணிக்கை’ என்ற கட்டம் காலியாக இருக்கிறது. இருபத்து நான்கு என்று எழுத எவ்வளவு மை செலவாகும்? காலி இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கில்லை. எங்கள் கான்வென்டில் காலித் தாளில் பெயர் எழுதினால்கூட சிஸ்டர் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டுவார். விரல்கள் இன்னும் மறக்கவில்லை.

அந்த எண் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். அதிகாரி மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னார். உன் அண்ணன் மார்பளவு தண்ணீரில் பென்சிலோடு நின்றார். மூட்டை தூக்கியவன் நீ. இருபத்து நான்கு வரைக்கும் படகு ஆடி ஆடித் தானாக நிமிர்ந்தது. இருபத்தைந்தாவதற்கு நிமிர யோசித்தது. “போதும்டா, அதுக்கு மூச்சு வாங்குது” என்று உன்னிடம்தான் அவர் சொன்னார். ஒரு மூட்டையை இறக்கிவிட்டுத்தான் கோடு போட்டார்கள்.

ஆலை வேலை வரட்டும், நல்லதுதான். இரண்டு நடையாகப் போ.

புதுப் பெயின்டோடு படகைப் படம் எடுத்து அனுப்பு. இரண்டு பக்கமும், உள்ளே பலகையும். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு.

அண்ணி

*

மார்ச் 15

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை அறிய ஆவல். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

ஆலை வேலை தொடங்கிவிட்டோம். முதல் நாள் எடுத்த படம் ஒன்றை வைத்திருக்கிறேன். படம் எடுத்தவருக்கு அவசரம், ஒன்றுதான் எடுக்க முடிந்தது. இடது ஓரத்தில் நிற்பது உங்கள் ஓரகத்திதான். படத்துக்காக ஏறினாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள். இந்தப் பயனிகள் இல்லாவிட்டால் இந்த வருடம் படகைக் கட்டிப்போட்டிருக்க வேண்டியதுதான்.

நீங்கள் கேட்டபடி எழுத்து வேலை எல்லாம் சாக்பீஸ்தான். அருமையாக எழுதியிருக்கிறார்.

தாளில் அந்தக் கட்டத்தை அலுவலகத்தில்தான் நிரப்புவார்களாம். காண்ட்ராக்டர் தினமும் கேட்கிறார். தயவுசெய்து மறு தபாலில் அனுப்புங்கள்.

ஊசியால் சொறிய வேண்டாம். சீழ் பிடித்துவிடும். எல்லாருக்கும் என் அன்பு.

தங்கள் அன்புத் தம்பி

*

மார்ச் 19

தம்பிக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் குச்சி மாதிரி இருக்கிறது. ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். என் நலம் அவ்வளவுதான். உன் நலத்தை உன் படம் சொல்லிவிட்டது.

மாப்பிள்ளையின் பூதக்கண்ணாடியை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்கும் முகங்களுக்குப் பின்னால், எஞ்சின் பெட்டிக்கு மேல், பலகை தெரிகிறது. ஒரு தலை பாதியை மறைக்கிறது. மீதிப் பாதி போதும். ‘பயனிகள் 40’.

அந்த ன சாக்பீஸ் போட்டதல்ல. சலூன்காரர் ‘முடி திருத்தும் நிளையம்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தபோது, “முதல்ல நிலையத்தைத் திருத்துவோம், முடியை அப்புறம் திருத்தலாம்” என்று ஏணியிலிருந்து இறங்கிவந்த மனிதர் அவர். உலகத்தில் பயணிகளை இரண்டு சுழியோடு ஏற்றுகிற ஒரே ஆள் நீதான். அந்தப் பலகையை எழுதிய கையை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை கடிதங்களில் திருத்தியிருக்கிறேன்!

கோட்டையும் பார்த்தேன். படகின் பக்கவாட்டில் மேலிருந்து மூன்றாவது பலகையில் இருக்க வேண்டிய கோடு இரண்டாவது பலகையில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பழைய பள்ளத்தை எதைக் கொண்டு மூடினாய்? மூடியதும் தண்ணீருக்கு அது மறந்துபோகும் என்று நினைத்தாயா? கோட்டைப் படிக்கிறது நீயோ நானோ காண்ட்ராக்டரோ இல்லை. ஆறு படிக்கிறது. அதற்கு எழுத்துப்பிழை தெரியாது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே படகைக் கட்டு. பலகையும் கோடும் பழையபடி ஆனதும், இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. அதுவரை கையெழுத்து என் விரல்களை விட்டு வராது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் படகில் என் பெயர் இருக்கக் கூடாது. அதை அழிக்க மட்டும் சாக்பீஸ் வேண்டியதில்லை, உன் கையே போதும்.

அண்ணி

*

ஏப்ரல் 21

அண்ணிக்கு,

ஒரு மாதமாக எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். மறைக்க விரும்பவில்லை.

ஆமாம், நான்தான் எழுதினேன். சாக்பீஸ் முடியாது என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். இந்த ஆற்றில் ஓடுகிற எந்தப் படகில் எழுதியிருக்கிற நம்பருக்கு ஆள் ஏற்றுகிறார்கள்? ஒன்றைக் காட்டுங்கள். அதிகாரி வந்தார், டீ குடித்தார், போனார். அவருக்கே இல்லாத கவலை மூன்றாவது மாடியில் இருக்கிற உங்களுக்கு எதற்கு?

இரண்டு நடை போ என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். ஆலையில் சங்கு ஒரு முறைதான் ஊதும். இரண்டாவது நடையில் போகிறவர்களுக்குக் கதவு திறக்காது. ஒரே நடையில் நாற்பது பேரைக் கொண்டுபோகிற படகுக்குத்தான் வேலை. நமக்கு இல்லையென்றால் காண்ட்ராக்டரின் மச்சானுக்கு. அவன் படகில் நம்பரே இல்லை, பெயரே இல்லை. அதுதான் உங்களுக்குச் சம்மதமா?

அண்ணன் படகு, அண்ணன் கோடு என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். ஓட்டுகிறவன் நான். இத்தனை வருடத்தில் ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. போன வாரம் பெரிய காற்று அடித்தபோதுகூட ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தன்னீர் தெளித்தது, அவ்வளவுதான். ஒரு சுழி குறைந்ததற்காக எந்தப் படகும் கவிழ்ந்துவிடாது.

தாளை அனுப்புங்கள். இல்லை, அனுப்ப மாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் என் வழியைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

*

ஏப்ரல் 25

தம்பிக்கு,

என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் நீ முடித்த முதல் கடிதம் இது. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஊன்றுகோலோடு சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். நேற்று லிஃப்டை விட்டுப் படியில் இறங்கி, தெருமுனைத் தபால் பெட்டிவரை போய்வந்தேன்.

போனது எதற்கென்றும் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பின்னால் செய்யும் பழக்கம் எனக்கில்லை. உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் படகின் சொந்தக்காரி என்ற முறையில் எழுதினேன்: இந்தப் படகு இருபத்து நான்கு பேருக்கு அளக்கப்பட்டது, இப்போது அதில் இருக்கும் பலகையும் கோடும் என் சம்மதம் இல்லாமல் மாற்றப்பட்டவை, நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் உரிமம் தர வேண்டும்.

தபாலில் போடும் முன் மகளிடம் படித்துக் காட்டினேன். நீ அவளுக்குத் தனியாக எழுதியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“ஏம்மா, சித்தப்பா குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தப்போறியா?” என்றாள்.

“நடுத்தெருவுல நின்னா திரும்பி நடந்து வரலாம். நடு ஆத்துல நிறுத்தினா?”

“உனக்கு எதுலயும் விட்டுக்கொடுக்கவே தெரியாதும்மா. லிஃப்டுலகூட.”

“ஆமா. ஏழாவது ஆளா நீயே ஏறினாலும் இறங்கச் சொல்லுவேன்.”

உறையை நானே ஒட்டி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மச்சானின் படகில் எண் இல்லை, பெயர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவன் நேர்மையானவன். ஒன்றும் எழுதாத படகில் ஏறுகிறவள் பயந்துகொண்டே ஏறுவாள், ஒரு கையால் கட்டையைப் பிடித்துக்கொள்வாள். உன் படகில் ஏறுகிறவள் பலகையைப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்கிறாள். உன் அண்ணன் சம்பாதித்த நிம்மதி அது. அதை நீ செலவழிக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்தது என்றாயே, எதுவரைக்கும்? கணுக்காலா? முழங்காலா? உன் கடிதத்தில் அந்த வரி மட்டும் கோணிக்கொண்டு போகிறது. எனக்கு எழுத்தைப் பார்க்கத் தெரியும்.

தாளை அனுப்ப மாட்டேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

அண்ணி

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் கால் குணமாகிவருவதைக் கடிதத்தில் படித்தேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் ஓரகத்தியாகி இத்தனை வருடத்தில் நான் உங்களுக்குத் தனியாக எழுதியதில்லை. கையெழுத்து நன்றாக இருக்காது, மன்னிக்கவும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன். முழங்கால் வரைக்கும் அக்கா.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் படத்துக்காக ஏறவில்லை. ஆலை திறந்த நாளிலிருந்து நானும் அங்கே தைக்கிறேன். அவர் அதை உங்களிடம் மறைத்தது ஏன் என்று உங்களுக்கே புரியும். அண்ணி கேட்டால் என்ன நினைப்பார் என்பதுதான் இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் முதல் கவலை.

அன்று மாலை காற்று. ஆற்றின் நடுவில் சுழி விழும் இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே படகு ஒரு பக்கம் சாய்ந்தது. எப்போதும்போல் நிமிரும் என்று பார்த்தோம். நிமிரவில்லை. ஓரத்தில் இருந்தவர்கள் மடியிலேயே தண்ணீர் வந்தது. சாப்பாட்டுத் தூக்குகளும் செருப்புகளும் மிதந்தன. யாரும் கத்தக்கூட இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரைக் கூப்பிட்டார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு எப்படியோ நிமிர்ந்தது.

கரையில் எல்லாரும் இறங்கிய பிறகு படகு மேலே எழும்பியது. பள்ளத்தில் அவர் வைத்து அடைத்திருந்த பட்டி பெயர்ந்து, உளி வெட்டு நீளமாகத் தெரிந்தது. அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே அதைப் பார்க்காத மாதிரி போனார். மறுநாளும் நாற்பது பேரை ஏற்றினார். நானும் ஏறினேன். எல்லாரும் ஏறினோம். சங்கு ஊதிவிடுமே.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை. அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் படித்தேன். நிம்மதியாக உட்கார்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதில் நின்றுவிட்டேன்.

இன்று காலை துறையில் ஏறுகிறவர்களை எண்ணினேன். இருபத்து நான்கு பேர் ஏறியதும் பலகைப் பாலத்தின் மேலேயே நின்றுகொண்டேன். பின்னால் வரிசை நின்றது.

“ஏறு, நேரமாச்சு” என்றார்.

“படகு நெறஞ்சுடுச்சுங்க.”

“என்ன நெறஞ்சுடுச்சு? நேத்து வரைக்கும் நாப்பது பேர் போகலையா?”

“நேத்து நான் எண்ணலை.”

“எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே. பொண்டாட்டியே ஏற மாட்டேன்னா மத்தவங்க எப்படி ஏறுவாங்க?”

“அதுக்குத்தான் நிக்கறேன்.”

எனக்குப் பின்னால் ‘ஊசி’ என்று நாங்கள் கூப்பிடும் ஒல்லிப் பெண். அவள் வாய்க்கு ஆலை மேற்பார்வையாளரே பயப்படுவார். “அண்ணே, பொண்டாட்டிகூட சண்டையை வீட்ல போய் வெச்சுக்குங்க. இப்ப இவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க, நாங்க நிக்கறோம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். திரும்பி வந்து எங்களை ஏற்றிக்கொண்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆலைக் கதவு மூடியிருந்தது. அரை நாள் வேலை போயிற்று. வெளியே படியில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தோம். நாளைக்கும் நிற்போம் என்று சொல்லிக்கொண்டோம். நிற்போமா என்று தெரியவில்லை. நான் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

*

மே 4

என் அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமாக இரு.

உன் கையெழுத்துக்கு என்ன குறை? வரி நேராக இருக்கிறது. பிழை ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை தேடினேன்.

இத்தனை நாளும் உன் கணவனுக்கு எழுதும் கடிதத்தின் வாலில் ‘உன் மனைவிக்கு அன்பு’ என்று முடித்துக்கொண்டிருந்தேன். இனிமேல் உனக்கென்று தனித் தாள், தனி உறை.

நீ தைக்கப் போவதை என்னிடம் மறைத்தார்களாம். தைக்கிற கையை எனக்கு எப்போதும் பிடிக்கும் என்று அந்த மடையனிடம் சொல்.

உன் கடிதத்தை மகளிடம் கொடுத்தேன். ‘அதுக்குத்தான் நிக்கறேன்’ என்ற இடத்தில் நிறுத்தி, “இது நீ எழுதினது இல்லையேம்மா?” என்று கேட்டாள். “நான் எழுதியிருந்தா இன்னும் நீளமா இருக்கும்” என்றேன். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். மாலையில் லிஃப்டில் ஆறு பேர் இருந்தார்கள். அவளாகவே, “நாம அடுத்ததுல போகலாம்மா” என்றாள்.

நாளையும் நில். அதற்கு மறுநாளும்.

உன் அக்கா

*

மே 20

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

நாண் நலம். வீட்டிலும் நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கேட்காமல் விட்டதையும் சேர்த்து இரண்டு முறை கேட்கிறேன்.

சாக்பீஸ் வந்தார். நாண் கூப்பிட்டதும் வந்துவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய பள்ளத்தில் வெள்ளை வைத்தார். பலகையை எழுதும்போது ஒரு ஓரத்தை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ‘பயணிகள் 24’. மூன்று சுழி. அவர் போடும்போது நாண் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எழுதிய கடிதத்தோடு அதிகாரி வந்தார். கோட்டை அளந்தார், பலகையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததால் அவருக்கு ஏமாற்றம். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

காலை வேலை இப்போது காண்ட்ராக்டரின் மச்சானுக்குப் போய்விட்டது. நாண் உங்களிடம் மறைக்கவில்லை. பாதிப் பேர் அந்தப் படகில் போகிறார்கள். பாதிப் பேர் விடிவதற்கு முன்பே வந்து நம் படகில் இரண்டு நடையாகச் சங்குக்கு முன் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். மழைக்காலம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. உங்கள் ஓரகத்தி தினமும் முதல் நடையில் எண்ணி ஏற்றிவிட்டு, இரண்டாவது நடையில் வருகிறாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எண்ணும்போது மட்டும் எனக்குக் கேட்கும்படி எண்ணுகிறாள்.

தண்ணீர் முழங்கால் வரைக்கும் வந்தது அண்ணி.

இரண்டு பக்கமும் எடுத்த படங்கள், உள்ளே பலகை, எல்லாம் இத்துடன். தாளில் அந்தக் கட்டத்தை நிரப்பவேண்டியது நீங்கள்தான். நாண் தொட மாட்டேன்.

எல்லாருக்கும் என் அன்பு. பின்பக்கம் உங்கள் பெயரை நாண் அழிக்கவில்லை.

தங்கள் அன்புத் தம்பி

*

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு காலும் சேர்த்து எல்லாம் நலம். உன் நலத்தைக் கடிதத்தைவிடப் படங்களில் தெளிவாகப் பார்த்துக்கொண்டேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. மேலிருந்து மூன்றாவது பலகை, வெள்ளை, நேர்கோடு. இனி இந்தப் படத்தை மகள் வீட்டுச் சுவரில் மாட்டலாம். மாட்டிவிட்டாள்.

தாளில் இருபத்து நான்கு என்று எண்ணாலும் எழுத்தாலும் என் கையாலேயே நிரப்பி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தைப் பற்றி எனக்கும் தெரியவில்லை. என் இரண்டு அறைகளில் ஒன்றை வாடகைக்கு விடலாம். உன் மனைவியிடம் கேட்டு முடிவு செய்கிறேன், உன்னிடம் அல்ல. காண்ட்ராக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மச்சான் படகுக்கு எண் ஏன் இல்லை என்று அவரிடம் கேட்க எனக்கு ஒரு நாற்காலியும் ஊன்றுகோலும் போதும்.

அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். டாக்டர் பிறகு போகலாம் என்றார். போய்விட்டுப் பிறகு வந்து சொல்கிறேன் என்றேன். துறையில் நான் வந்து நிற்கும்போது படகில் இருபத்து நான்கு பேர் இருந்தால், என்னைப் பார்த்ததும் யாரையும் எழுப்பி இறக்கிவிடாதே. சொந்தக்காரி, கால் உடைந்தவள், பெரியவள் என்று ஒன்றும் சொல்லாதே. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போ. உன் மனைவி பக்கத்தில் அடுத்த நடைக்கு நிற்கிறேன்.

கடைசியாக எழுத்து. ‘பயணிகள்’ சரி. ‘தண்ணீர்’ சரி, அதுவும் அந்த வரியில். ஆனால் கடிதம் முழுக்க ‘நாண்’, ‘நாண்’ என்று எழுதியிருக்கிறாய். அது வில்லில் கட்டுவது. ஏறுகிறவர்களுக்கு மூன்று சுழி. ஓட்டுகிறவனுக்கு இரண்டு போதும்.

அண்ணி